கோதாவும் குறுநகையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மல்லேஸ்வரத்தில் கூடியிருக்கும் இத்தமிழ் அவையில் நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் சிலர் முறுவலிக்கக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்துப் படிக்கின்றார்களே, ‘மங்கா’ என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைகள், அவற்றில் வரும் நகைச்சுவை நிறைந்த மற்போர்ப் போட்டிகளைப் பற்றித்தான் பேச விரும்புகின்றேன். “அடிதடியில் என்ன சுவை இருக்கிறது?” என்று பெற்றோர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. விடை காண முயல்வோம்.

மற்போர் காணும் ஆவல் தமிழர்க்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது அட்டு நின்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் பாடினார். அக்களத்தில் வெற்றி யாருக்கு என்று ஊரார் இரு கட்சியாய்ப் பேசியதை நக்கண்ணையார் பாட்டால் அறிகின்றோம். பல்லவப் பேரரசன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பெயர் பூண்டான். அவன் காலத்தில் காஞ்சிக்கு வந்தவர் சீனத் துறவி யுவான் சுவாங். அத்துறவியின் பயணத்தைக் கற்பனையோடு கலந்து 16ஆம் நூற்றாண்டில் சீனத்தில் ஒரு பெருங்கதை பிறந்தது. அதிலே அவருக்குத் துணையாகச் செல்பவன் ஒரு குரங்கரசன். அவனை முன்மாதிரியாகக் கொண்டு, வாலுள்ள ஒரு சிறுவனைப் படைத்தார் ஜப்பானிய ஓவியர் அகிரா தோரியாமா. அச்சிறுவனே சோன் கோக்கு. கதையின் பெயர் ‘டிராகன் பால்’. 1984 முதல் 1995 வரை ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் வார இதழில் 519 பகுதிகளாக வெளிவந்து, 42 நூல்களாகத் தொகுக்கப்பெற்றது. ஆசிரியர் 2024 மார்ச்சு முதல் நாள் மறைந்தார்.

இக்கதையில் உலகின் தலைசிறந்த வீரன் யார் என்று காணும் போட்டி ஒன்று நடைபெறுகின்றது. முடிவில் எண்மர் எஞ்ச, சீட்டெடுத்து இணை பிரிக்கின்றனர். யாரோடு யார் மோதுவார் என்ற பட்டியல் முன்னரே தெரிந்துவிடுகின்றது. முடிவு மட்டும் தெரிவதில்லை. அடுத்த இதழ் வரும் வரை படிப்பவன் மனத்திலும் அப்போட்டி நடந்துகொண்டே இருக்கும். விதிகளோ எளியவை. மேடையினின்று கீழே விழுந்தவன் தோற்றான்; பத்து எண்ணுவதற்குள் எழாதவன் தோற்றான்; எதிரியைக் கொன்றவனும் தோற்றான். ஆமூர்க் களத்தில் தோற்ற மல்லனுக்கு மறுநாள் இல்லை. இங்கே தோற்றவனுக்கு மறுநாள் உண்டு. இந்த ஒரு வேறுபாட்டில்தான் இக்கதைகளின் கவர்ச்சி முழுவதும் அடங்கியிருக்கின்றது என்பது என் துணிபு.

மறுநாள் உண்டு என்றால் சிரிக்கலாம் அல்லவா? வாழ்நாளில் குளித்தறியாத ஒரு முரடன் மேடை ஏறுகின்றான். அவன் நாற்றம் தாங்காமல் குரிரின் என்னும் சிறுவன் மயங்கி விழுகின்றான். அப்பொழுது கோக்கு, “உனக்குத்தான் மூக்கே இல்லையே!” என்று நினைவூட்டுகின்றான். ஓவியர் அவனுக்கு மூக்கு வரையவே இல்லை! அவனும் எழுந்து வென்றுவிடுகின்றான். வலியவனைக் கண்டு நடுங்கும் குழந்தையுள்ளம் இங்கே வாய்விட்டுச் சிரிக்கின்றது. சிரித்த மாத்திரத்தில் அச்சம் அகல்கின்றது.

சிரிப்பினூடே இரக்கமும் உண்டு. நாம் என்பது ஒரு வீரனின் பெயர். வறட்சியால் வாடும் தன் சிற்றூருக்குத் தண்ணீர் வாங்கப் பரிசுப் பணம் வேண்டி அவன் போட்டிக்கு வருகின்றான், கோக்குவிடம் தோற்கின்றான். வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதானோ என்று நாம் வருந்தும் வேளையில், முதிய ஆசான் ஒருவர், “இங்கே தண்ணீருக்கு விலை இல்லை” என்று சொல்லி, அதனை எடுத்துச் செல்லும் கருவியும் தந்து அனுப்புகின்றார். 2024ஆம் ஆண்டுக் கோடையில் தண்ணீர் வண்டிக்காகக் காத்து நின்ற இந்நகரத்தார்க்கு அந்த வீரனின் துயரம் விளங்கும்.

அந்த ஆசான்தான் கோக்குவின் குருவும். காலையில் வீடுதோறும் பால் கொண்டுபோய்க் கொடுக்கச் செய்தும், வெறுங்கையால் வயலை உழச் செய்தும், முதுகில் சுமை ஏற்றியும் மாணவர்களைப் பயிற்றியவர். ஆயினும் முதற் போட்டியிலேயே வென்றுவிட்டால் அவர்கள் செருக்குற்று முயற்சியை விட்டுவிடுவார்கள் என்று கருதி, மாறுவேடம் பூண்டு தாமே மேடையேறி மாணவனைத் தோற்கடிக்கின்றார். கால் சற்று நீளமாக இருந்ததால் கிடைத்த வெற்றி அது! இரண்டாம் போட்டியிலும் கோக்கு தோற்கின்றான்; வானிலிருந்து விழும்பொழுது ஒரு வண்டியில் மோதி, மாற்றானுக்கு ஒரு கணம் முன்னதாகத் தரையைத் தொட்டுவிடுகின்றான். மூன்றாம் முறைதான் வெற்றி. அப்பொழுதும், தன்னைக் கொல்ல வந்த பிக்கலோவுக்கு உயிர்தரும் அவரை விதையை ஊட்டி எழுப்பி விடுகின்றான். தோற்ற யாம்ச்சாவும் பிக்கலோவும், வென்ற தென்ஷின்ஹானும் பின்னாளில் அவனுக்குத் துணைவர்களாகின்றனர்.

அன்பர்களே! இம்மண்ணுக்கும் இப்பண்பு அயலானதன்று. மைசூர் அரண்மனையில் விசயதசமியன்று ஜெட்டி மரபினர் வஜ்ரமுஷ்டிப் போர் நிகழ்த்தும் வழக்கம் உண்டு. தலையில் முதல் துளி குருதி தோன்றியதும் போரை நிறுத்திவிடுவர். அளவறிந்து நிறுத்துவதே வீரம் என்பதை அது காட்டுகின்றது. பகையைப் போட்டியாக்குவது விதி. போட்டியை நட்பாக்குவது நகை.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடமா? பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நாம், நம் பிள்ளைகளைத் தேர்வு என்னும் கோதாவில் இறக்கி விடுகின்றோம். அங்கே சிரிப்பும் இல்லை. மறுநாளும் இல்லை என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். மதிப்பெண் குறைந்த நாளில் வீட்டில் நிலவும் அமைதி, எந்த மல்லன் கொடுக்கும் அடியினும் கொடியது. அத்தகைய பிள்ளை ஒருவன் இரு முறை தோற்ற வீரனின் கதையைத் தேடிப் படித்தால், அது வீண்பொழுது ஆகுமா? அதே கதையைப் பற்றிக் கன்னடச் சிறுவனோடும் தெலுங்குச் சிறுவனோடும் அவன் தெருமுனையில் வாதிட்டுச் சிரிப்பானாயின், அதுவும் நமக்கு ஆக்கமே.

சாத்தந்தையார் தம் பாட்டில், மகிழினும் மகிழாவிடினும் தந்தை தித்தன் வந்து மகனது ஆற்றலைக் காணவேண்டும் என்று விரும்பினார். பெற்றோரிடம் நான் வேண்டுவதும் அதுவே. உங்கள் பிள்ளை படிக்கும் கதையை ஒருநாள் அருகில் அமர்ந்து நீங்களும் படியுங்கள். அவன் வெல்லும் நாளில் மட்டுமன்றித் தோற்கும் நாளிலும் களத்தருகே நில்லுங்கள்.