கொக்கி ஊசிச் சால்வையும் நூல் கணக்கும்
(கிராமச் சங்கத்தின் பெண் அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கணக்குத் தணிக்கைக்கு வரும் இன்ஸ்பெக்டர் கொக்கி ஊசியும் நூலுருண்டையும் ஏந்தி நிற்பது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். குரோஷா என்னும் இவ்வேலையை என் தமக்கையாரிடம் கற்றேன். நான் பின்னிய முதற் சால்வை ஒருபுறம் சாய்ந்து கோணலாயிற்று. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

பழகாதவர்கள் நீண்ட சதுரமாகத் தொடங்குவது வழக்கம். பாதியில் நூல் தீர்ந்துவிட்டால் அது கழுத்துத் துண்டாகவே நின்றுவிடும். மீதி நூலுக்குக் கடைக்காரரிடம் கடன் சொல்லவேண்டி வரும். முக்கோணச் சால்வையை அடிமுனையிலிருந்து பின்னினால் இந்தத் தொல்லையில்லை. நூல் எந்த வரியில் முடிகிறதோ அங்கே நிறுத்தலாம். சிறிதாயினும் அது முழுச் சால்வையே.

மெல்லிய பருத்தி நூலும், அதற்குச் சற்றுப் பெரிதான ஊசியும் வேண்டும். கண்கள் விரிந்து விழுவதே சால்வை கனமற்றிருப்பதன் இரகசியம். ஊசியை மூங்கிலிலும் சீவிக்கொள்ளலாம். பென்சிலினும் மெல்லியதாய், வழவழப்பாய் இருக்கவேண்டும்.

சுருக்குக் கண்ணியிட்டு, நான்கு சங்கிலிக் கண்ணிகள் போடுக. இனித் 'தூண்' போடும் விதம்: ஊசியின்மேல் நூலை ஒருமுறை சுற்றிக் கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையங்கள் நிற்கும், நூலைக் கொக்கியில் மாட்டி இரண்டிரண்டு வளையங்களாக இருமுறை உருவுக. அதுவே ஒரு தூண். முதற் சங்கிலிக் கண்ணியில் இரண்டு தூண்கள் போட்டால், மற்ற மூன்று சங்கிலியும் ஒரு தூணாக நின்று, மூன்று கொண்ட ஒரு கொத்தாகும். முதல் வரி முடிந்தது.

திருப்பி மூன்று சங்கிலி போட்டு, அதன் அடிக்கண்ணியில் இரண்டு தூண்களும், வரியின் கடைசிக் கண்ணியில் மூன்று தூண்களும் போடுக. இப்போது கொத்து இரண்டு. மூன்றாம் வரியிலும் இரு ஓரங்களிலும் இவ்விதமே. நடுவிலுள்ள இடைவெளியில் மூன்று தூண்கள். கொத்து மூன்று. எத்தனையாவது வரியோ அத்தனை கொத்து! பத்தாம் வரியில் ஒன்பதிருந்தால் எங்கோ தவறியிருக்கிறீர்கள்; அவ்வரியைப் பிரித்துவிடுங்கள். என் சால்வை கோணியதும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டதனாலேயே. பிறர் கணக்கைத் தணிக்கை செய்பவன் தன் கொத்தை எண்ணவில்லை! மேல்வரி விரித்த இரு கைகளின் நீளத்திற்கு வந்தால் போதும்.

விற்பனைக்குப் பின்னுவோர் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். கோதாவரி டெல்டாவில், நரசாபுரத்தைச் சுற்றிய கிராமங்களின் குரோஷா லேஸ் கடல்கடந்து விலைபோயிற்று. வியாபாரிகள் நூலைக் கொடுத்து, பின்னியதை வாங்கிக்கொண்டனர். மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அம்மையார் அதை நேரில் ஆராய்ந்து 1982-ஆம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த பெண்களுக்கு மிகச் சொற்பக் கூலியே கிடைத்ததென்றும், அது 'ஓய்வு நேர வேலை' என்றே மதிக்கப்பட்டதென்றும் அதில் காட்டுகிறார். கைத்திறனில் அவர்களுக்குக் குறைவில்லை. நூலும் சந்தையும் அவர்கள் வசமில்லை.

ஆகையால் நூலைச் சங்கமே மொத்தமாக வாங்கி, நிறுத்துக் கொடுக்கட்டும். திரும்பி வரும் சால்வையின் எடையும் மிச்ச உருண்டையின் எடையும் சேர்ந்து, கொடுத்த நூலுக்குச் சரியாகவேண்டும். கூலியும், விற்ற விலையும் பின்னியவர் பெயரிலேயே பதிவாகவேண்டும். கணவர் பெயரில் அன்று. காரியதரிசி அவர்கள் முகம் சுளிக்கிறார். ஒரு பேரேடு கூடுதல்தான், நானே வந்து கோடு போட்டுத் தருகிறேன்.

பன்னிரண்டு மூங்கில் ஊசிகள் கொண்டுவந்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்திற்குள் பத்து வரி பின்னி வாருங்கள். கொத்துக்களை எண்ணிப் பார்ப்பேன்.