நடந்து அறிந்த ஊர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மைசூரில் எளிதாக நடந்து வரத்தக்க பாதைகளைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். இலக்கியம் பேசும் மேடையில் நடையைப் பற்றிப் பேசுவதா என்று முதலில் தயங்கினேன். பின்னர் என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன்; தயக்கம் நீங்கிற்று.

நம்மில் பலருக்கு மைசூர் என்றால் வீடு, அலுவலகம், கடைத்தெரு, இரயில் நிலையம் ஆகிய நான்கே. அந்த நான்காவதும் ஊருக்குப் போவதற்காக! முப்பது ஆண்டுகள் குடியிருந்தும் விருந்தாளியாகவே வாழ்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

1988ஆம் ஆண்டு என் தாயார் காலமானார். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் தனித்திருந்த தந்தையாரை இங்கு அழைத்து வந்தேன். மொழி தெரியாது, பேச ஆள் இல்லை. திண்ணையில்லாத வீட்டில், சன்னலோரம் நாற்காலியிட்டு நாள் முழுதும் வாய் திறவாமல் அமர்ந்திருப்பார். உணவும் குறைந்தது. மருத்துவர் ஒருவர், "மருந்து வேண்டாம், காலையில் ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள்" என்றார்.

அவ்வாறு நாங்கள் சென்றது குக்கரஹள்ளி ஏரி. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1864இல் அமைத்த ஏரி அது. அதை அடுத்திருக்கும் மானசகங்கோத்திரிப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அப்பெயரைச் சூட்டியவர் கவிஞர் குவெம்பு. சுற்றிவர ஏறத்தாழ 4 கிலோமீட்டர்; மேடு பள்ளம் மிகுதியில்லை; மரநிழல் உண்டு. கூழைக்கடாக்கள் தண்ணீரில் தோணிபோல் மிதக்கும். நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். முதல் நாள் தந்தையார் நூறு அடி நடந்து ஒரு கல்லில் அமர்ந்துவிட்டார். நீரைப் பார்த்து, "நம் ஊர்க் குளத்தில் இந்தப் பறவை இல்லை" என்றார். பல வாரங்களுக்குப் பின் அவர் தாமாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

இரண்டு மாதத்தில் முழுச் சுற்றும் நடந்தார். கன்னடம் பேசும் முதியவர் மூவர் தோழராயினர். "ஊட்டா ஆய்த்தா?" என்பதில் தொடங்கி அவர் கன்னடம் கற்றது அந்தக் கரையில்தான்.

1991 டிசம்பர் மாதத்தைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காவிரிச் சச்சரவால் தமிழ்க் குடும்பங்கள் கதவைத் தாழிட்டு அஞ்சியிருந்த நாட்கள். தந்தையாரை வெளியே விடாமல் தடுத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் விடியலில் வாயிற்கதவு தட்டப்பட்டது. நெஞ்சம் பதறத் திறந்தேன். மூன்று முதியவர்களும் கைத்தடியுடன் நின்றிருந்தார்கள். "பன்னி ஸ்வாமி, ஹோகோணா" என்றார் ஒருவர். வாருங்கள், போகலாம் என்பது அதன் பொருள். தந்தையாரை நடுவில் விட்டு, இருபுறமும் அவர்கள் நடந்து சென்றதை வாயிலில் நின்று பார்த்தேன். அன்பர்களே, அந்தப் பாதுகாப்பு ஒரு நாளில் கிடைத்ததன்று; மூன்றாண்டு நடையில் சேர்ந்தது.

இனிப் பிற பாதைகளையும் கூறிவிடுகிறேன். சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் காரஞ்சி ஏரிக்குச் செல்லலாம். அங்கே உள்ளே நடந்து சென்று பறவைகளை அருகிருந்து காணும் பெரிய பறவைக் கூண்டு உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. தென்மேற்குப் புறத்தில் குடியிருப்போருக்கு 1828இல் அமைந்த லிங்காம்புதி ஏரி அண்மையில் உள்ளது. மண்பாதை, முழங்கால் வலிப்போருக்கு உகந்தது.

ஏற விரும்புவோருக்குச் சாமுண்டி மலை. அடிவாரத்திலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். முதல் நாளே உச்சிக்குப் போக முயல வேண்டா. ஏறத்தாழ எழுநூறாவது படியருகே, தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் ஒரே கல்லில் செதுக்கிய 15 அடி உயர நந்தி இருக்கிறது. முதல் மாதம் அதுவரை ஏறித் திரும்பினாலே போதும். கதிரவன் எழுமுன் தொடங்குக. தின்பண்டத்தைக் கையில் ஏந்திச் செல்லாதீர்கள், குரங்குகள் விடமாட்டா. ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கடினம், கைத்தடி நன்று. கொண்டு சென்ற காகிதத்தையும் குப்பியையும் திரும்பக் கொண்டு வருக.

தந்தையார் 1999இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு திருமணம் ஒன்றுக்காகச் சொந்த ஊர் சென்றிருந்தோம். மூன்றாம் நாள் மாலை என்னைத் தனியே அழைத்து, "மழை பெய்ததாமே, ஏரிக்கு நீர் வந்திருக்குமா? நாம் எப்போது ஊருக்குப் புறப்படுகிறோம்?" என்று வினவினார். அவர் ஊர் என்றது மைசூரை.

ஆதலின் ஒரு வேண்டுகோள். திங்கள்தோறும் முதல் ஞாயிறு விடியலில் சங்கத்தார் குடும்பத்துடன் குக்கரஹள்ளிக் கரையில் கூடுவோம். சன்னலோரம் அமர்ந்திருக்கும் முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். நூறு அடி நடந்தாலும் போதும். பக்கத்து வீட்டுக் கன்னட அன்பரையும் அழையுங்கள். அவர்தம் பெற்றோரும் சன்னலோரம் அமர்ந்திருக்கக்கூடும்.