உணவில் வரும் கட்டளை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்பது வீட்டுக்கு வீடு வழங்கும் பேச்சு. அது மெய்யே, ஆயினும் பாதி மெய். கீரையின் பச்சைக்குள் மறைந்தும் மாம்பழத்தில் வெளிப்பட்டும் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள், உடலினுள் வைட்டமின் ஏ ஆக மாறி விழிக்குப் பயன்படுகிறது. எந்த உயிரணு எதுவாக முதிர வேண்டும் என்னும் கட்டளையும் அதனிடமிருந்தே பிறக்கிறது. அந்த மறுபாதியே இவ்வுரையின் பொருள்.

கொழுப்பில் கரையும் இச்சத்து உயிர் வளர இன்றியமையாதது என்பதை 1913-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எல்மர் மெக்காலமும் மார்கரீட் டேவிஸும் கண்டனர். அது விழித்திரையில் இருப்பதை 1933-இல் ஜார்ஜ் வால்டு கண்டறிந்தார். விழித்திரையில் வளைந்து கிடக்கும் அதன் மூலக்கூறு, ஒளி பட்டதும் நிமிர்கிறது; அந்த அசைவே பார்வையின் தொடக்கம். இச்சத்து குறைந்தால் மாலைக்கண் தோன்றுவது அதனால்தான்.

உடலில் இது ரெட்டினோல், ரெட்டினல், ரெட்டினாயிக் அமிலம் என மூன்று வடிவில் இயங்குகிறது. இலக்கண முறையில் கூறினால், பகுதி ஒன்று, விகுதி மூன்று. ரெட்டினோல் கல்லீரலில் சேமிக்கப்பட்டு, இரத்தத்தில் ஒரு புரதத்தின் துணையோடு பயணம் செய்யும். ரெட்டினல் விழிக்குப் பணி செய்யும். ரெட்டினாயிக் அமிலமோ உயிரணுவின் உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்கும்.

அங்கே அதற்காகக் காத்திருப்பது ஏற்பி எனப்படும் புரதம். 1987-இல் பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவினரும், அமெரிக்காவில் ரொனால்டு எவன்ஸ் குழுவினரும் இந்த ஏற்பியைத் தனித்தனியே கண்டறிந்தனர். ஏற்பி தனித்து நிற்பதில்லை. துணை ஏற்பி ஒன்றோடு இணைந்து மரபணுவின் அருகே அமர்ந்திருக்கும். அமிலம் வராத வரையில், தடுப்புப் புரதங்கள் அவ்விணையோடு ஒட்டிக்கொண்டு மரபணுவை அடக்கி வைத்திருக்கும். அமிலம் வந்து ஏற்பியின் குழிவில் பொருந்தியதும், ஏற்பியின் ஒரு பகுதி மூடிபோல் மடிகிறது. தடுப்போர் விலகுவர், தூண்டுவோர் வந்து சேர்வர், அடங்கியிருந்த மரபணு செயல்படத் தொடங்கும்.

இக்கட்டளை கருவில் இதயத்தையும் மூளையையும் உறுப்புகளையும் உரிய இடத்தில் அமைக்கத் துணைபுரிகிறது. ஆகவே குறைவும் கேடு, மிகுதியும் கேடு. முகப்பருவுக்காக 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஐசோட்ரெட்டினாயின் என்னும் மருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கருவுற்றிருந்தபோது அதை உட்கொண்ட தாய்மார் சிலருக்குச் செவியிலும் மூளையிலும் இதயத்திலும் குறைபாடுள்ள குழந்தைகள் பிறந்தன. காலம் தவறிச் சேர்ந்த சொல் கவிதையைக் கெடுக்கும். காலம் தவறிய கட்டளை ஓர் உயிரையே கெடுக்கும்.

இதே ஆற்றல் உயிர் காத்த வரலாறும் உண்டு. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை, வெள்ளணுக்கள் முதிர்ச்சி பெறாமல் இடையிலேயே நின்று பெருகுவதால் வருவது. 1985-இல் சீனாவின் ஷாங்காய் நகரில் வாங் ஜென்யி என்னும் மருத்துவர், இந்நோயால் உயிருக்குப் போராடிய ஐந்து வயதுச் சிறுமிக்கு ரெட்டினாயிக் அமிலம் தரச் செய்தார், சிறுமி பிழைத்தாள். 1988-இல் அவர் குழுவினர் 24 நோயாளிகளின் முடிவை வெளியிட்டனர். அனைவருக்கும் நோய் தணிந்திருந்தது. ஒருவருக்கு மட்டும் வேறு மருந்தும் சேர்க்க வேண்டியிருந்தது. காரணம் பின்னரே விளங்கியது. இந்நோயில் அந்த ஏற்பியின் மரபணுவே உடைந்து, வேறொரு மரபணுவோடு பிழையாக ஒட்டிக்கொள்கிறது. இயல்பான அளவு கட்டளை அதன் செவியில் ஏறுவதில்லை. மருந்தாக மிகுதியாகத் தரும்போது ஏறுகிறது. அப்போது தடைப்பட்டு நின்ற அணுக்கள் முதிர்ச்சி அடைந்து, தமக்குரிய ஆயுளோடு முடிகின்றன. முன்பு விரைவில் உயிர் பறித்த இந்நோய், ஆர்செனிக் மருந்தும் துணைசேர்ந்தபின் பெரும்பாலோருக்குக் குணமாகக் கூடியதாயிற்று.

தமிழ் மண்ணுக்கும் இவ்வறிவியலில் இடம் உண்டு. திருச்சி மாவட்டத்தில் பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகளை ஆராய்ந்த முடிவு 1990-இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஓராண்டுக் காலம் வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ தரப்பட்டது. பெறாத பிரிவினரைக் காட்டிலும் அவர்களிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. குடலின் உட்பூச்சும், மூச்சுப் பாதையின் உட்பூச்சும், நோய் எதிர்க்கும் அணுக்களும் இந்தக் கட்டளையை நம்பியே வாழ்வதை எண்ணினால் இது வியப்பன்று. எல்லா இடங்களிலும் இதே அளவு பயன் கிடைத்துவிடவில்லை என்பதும் சொல்லத்தக்கது. ஆயினும் திருச்சியில் தரப்பட்ட அளவு, நல்ல உணவிலிருந்தே பெறக்கூடிய அளவுதான். அக்குழந்தைகளின் தட்டில் அது இல்லாமற் போனதே துயரம்.

அளவும் இடமும் காலமும் பொருந்தினால் சிறு சொல்லும் பெரும்பொருள் தரும் என்பதைக் கவிஞர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. உடலும் அதே நெறியில்தான் இயங்குகிறது. அந்தச் சிறு சொல் கீரை வடிவில் ஒவ்வொரு குழந்தையின் தட்டிலும் விழச் செய்வது, அறிந்தோர் அனைவரின் கடமை.