அர்வாரி நதி புகட்டும் பாடம்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்குகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நதிகளுக்குப் புத்துயிர் அளிப்பது என்றவுடன் பெரிய அணைகளும் பெரும் நிதி ஒதுக்கீடுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ராஜஸ்தான் மாநிலத்து அல்வார் மாவட்டத்தில் ஓடும் அர்வாரி என்னும் சிறு நதியின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது.

அல்வாரில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழைக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆரவல்லிக் குன்றுகளில் காடு அழிந்தபின் அந்நீர் மண்ணையும் அரித்துக்கொண்டு விரைந்தோடியது. முன்னோர் அமைத்த 'ஜோஹட்' எனும் மண்கரைக் குளங்கள் தூர்ந்தன, கிணறுகள் வற்றின, ஆடவர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றனர்.

1985இல் ராஜேந்திர சிங்கும் தருண் பாரத் சங்கத்தைச் சேர்ந்த அவருடைய தோழர்களும் கல்வி, மருத்துவப் பணி செய்யும் நோக்குடன் அங்கு சென்றனர். கிராமப் பெரியவர்களோ தண்ணீரே முதல் தேவை என்றனர். கோபால்புரா கிராமத்தில் தூர்ந்த குளத்தைத் தோண்டுவதில் பணி தொடங்கிற்று. கள ஆய்வின் முதல் பயன் இதுவே: நாம் கொண்டு செல்லும் திட்டத்தை மக்களின் தேவை திருத்திவிடுகிறது.

ஜோஹட் இயங்கும் முறை எளிது. சரிவில் இறங்கும் நீரைப் பிறை வடிவக் கரை தடுக்கிறது. தேங்கிய நீர் நிலத்துள் இறங்கிக் கிணறுகளை ஊட்டுகிறது. நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப்படுகை அளவுக்கு உயரும்போது நீர் கசிந்து ஆறாகிறது. ஆகவே ஒரு குளத்தால் ஆறு ஓடாது. நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் 300க்கு மேற்பட்ட அமைப்புகள் மக்கள் உழைப்பின் பங்குடன் எழுந்தன. 1990களின் நடுவில் அர்வாரி ஆண்டு முழுவதும் ஓடலாயிற்று.

நீர் வந்ததும் உரிமைப் பிரச்சினையும் வந்தது. 1996இல் ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டபோது மக்கள் எதிர்த்தனர். நீரைக் காத்தவர்க்கு அதன் பயன்பாட்டில் குரல் இல்லையா என்பதே அவர்தம் கேள்வி. இதன் தொடர்ச்சியாக 1999இல் சுமார் 70 கிராமங்கள் இணைந்து 'அர்வாரி நாடாளுமன்றம்' அமைத்தன. கரும்பு போன்ற மிகுதியாக நீருண்ணும் பயிர்களைத் தவிர்ப்பதென அது விதி வகுத்தது. அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை. ஊரின் ஒப்புதலே அதன் வலிமை. 2000ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் நேரில் வந்து இக்கிராம மக்களின் பணிக்கு விருது வழங்கினார். 2015இல் ராஜேந்திர சிங்குக்கு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது.

எனினும், இதனை எங்கும் அப்படியே பின்பற்றலாம் எனக் கருதுதல் பிழையாகும். பாறை அமைப்பும் மழையளவும் இடத்துக்கிடம் வேறுபடும். மேற்பகுதியில் தேக்கும் நீர் கீழ்ப்பகுதியினருக்குக் குறையவும் கூடும். எனவே, வடிநிலம் முழுமைக்கும் நீர்க் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கிடுதலில் அரசின் பொறியாளருக்கும் நிலவியலாளருக்கும் இன்றியமையாத பங்குண்டு. 2019இல் தொடங்கப்பட்ட அடல் நிலத்தடி நீர்த் திட்டம், ராஜஸ்தான் உள்ளிட்ட 7 மாநிலங்களில் கிராம அளவிலேயே நீர்க் கணக்குத் தயாரிக்க வழிவகுத்தது இத்திசையில் ஒரு படியாகும்.

கள ஆய்வுக்குச் செல்லும் நீங்கள் கட்டிய கரைகளை மட்டும் எண்ணி வராதீர்கள். கோடையில் கிணற்றின் நீர்மட்டம் எவ்வளவு, கரை உடைந்தால் செப்பனிடுபவர் யார், நீரைப் பகிர்வதை முடிவு செய்பவர் யார் எனக் கேட்டறியுங்கள். இம்மூன்றுக்கும் ஊராரிடம் தெளிவான விடை இருக்குமாயின், அங்கே நதி நிலைத்து ஓடும் என நம்பலாம்.