மரத்துக்கும் ஒரு வரி எழுதுவோம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



வாராவாரம் சேமிப்பை எழுதுறோம், கடனை எழுதுறோம், யார் வந்தாங்க, யார் வரலைன்னும் எழுதுறோம். நாம உட்கார்ந்து கூட்டம் போடுற வேப்பமரம் எப்போ துளிர்த்தது, எப்போ பூத்ததுன்னும் ஒரு வரி எழுதினால் என்ன? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

மாசி, பங்குனியில் பல மரங்கள் இலை உதிர்க்கும். ஆனால் எல்லா மரத்துக்கும் ஒரே கணக்கு இல்லை. கல்யாண முருங்கை இலையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கிளையில் சிவப்பாகப் பூக்கும். புங்கமரம் இலை உதிர்ந்த சில நாளிலேயே பளபளன்னு துளிர் விடும். வேம்பு பங்குனி, சித்திரையில் பூக்கும். வருஷப் பிறப்புப் பச்சடிக்கு அந்தப் பூதான். சரக்கொன்றை சித்திரை, வைகாசியில் மஞ்சளாகத் தொங்கும். புளி இவற்றுக்கெல்லாம் பிந்திப் பூத்து, அடுத்த தை, மாசிக்குத்தான் உலுக்கத் தயாராகும்.

இதைத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்னு கேட்கலாம். வருமானம் இருக்கிறது சகோதரிகளே! வேம்பு பூத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் பழம் உதிரும். கொட்டை பொறுக்குவதற்குச் சில வாரங்கள்தான் கிடைக்கும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்தால் விலை போகாது. பூத்த தேதி நோட்டில் இருந்தால், சாக்கு, காயவைக்க நிழலான இடம், பொறுக்க ஆள் எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். கடன் தவணையையும் அந்த மாதத்துக்கு ஏற்ப வைக்கலாம். புளியமரத்தைப் பிஞ்சிலேயே விலை பேச வியாபாரி வருவார். எந்த வருஷம் எப்படிப் பூத்தது, எவ்வளவு காய்த்தது என்ற கணக்கு நம்ம கையில் இருந்தால், அவர் சொன்னதுதான் விலை என்று ஆகாது.

"இப்பல்லாம் மரம் காலம் தப்பிப் பூக்குது"ன்னு எல்லோரும் சொல்றோம். எத்தனை நாள் தப்பியது? எழுதி வைத்தால்தானே தெரியும்! வெயிலும் மழையும் மாறினால் மரமும் மாறும். பொதுமக்களே வாரம் ஒருமுறை மரத்தைப் பார்த்துக் குறிப்பதற்காக 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் இந்தியாவில் 2010-இல் தொடங்கப்பட்டது. அதில் பள்ளிப் பிள்ளைகளும் பங்கெடுத்தார்கள். பிள்ளைகளால் முடிந்தது நம்மால் முடியாதா?

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு குழுவும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கணும். ஒரே தெருவில் நிற்கும் இரண்டு வேம்பு ஒரே நாளில் பூக்காது. அதனால் எப்போதும் அதே மரத்தைத்தான் பார்க்கணும். கூட்டம் முடிந்ததும் தேதி போட்டு, துளிர், பூ, காய், பழம் என்ற நான்குக்கும் நேரே 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' இவற்றில் ஒன்றை எழுதினால் போதும். எழுதப் பழகும் உறுப்பினர் கையில் இந்த வேலையைக் கொடுங்கள்; எழுத்தும் பழகும். வயசான அம்மாக்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் சொல்வதும் நோட்டில் ஏறட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழு எந்த மரத்தைப் பார்க்கப் போகிறது என்று தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.