கேட்டது போதும், இனிக் கதைப்போம்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், நியூ ஜேர்சியில் ஆற்றிய உரை)

 

செயலாளர் எனக்குத் தந்தது இருபது நிமிசம். பிள்ளைகளின் நடனமும் அதுக்குப் பிறகு சாப்பாடும் காத்திருக்கிறபடியால் பதினைந்தில் முடிக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. சைக்கிளைத் தலைகீழாகக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? கையை உயர்த்துங்கோ பார்ப்பம். ஆ, கனபேர் இருக்கிறியள். பிள்ளைகள் திரும்பிப் பாருங்கோ. உங்கட அப்பாமார் சொல்லுறது கட்டுக்கதை இல்லை.

1990இல் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிட்டது. எங்கள் வீட்டில் பெடல் சுத்துற வேலை எனக்கு. மெதுவாகச் சுத்தினால் சத்தம் செத்துப்போகும். வேகமாகச் சுத்தினால் றேடியோ எரிஞ்சு போகும் என்று அப்பா பேசுவார். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து முற்றத்தில் இருப்பார்கள். தமிழோசை முடியும் மட்டும் ஒருத்தரும் மூச்சு விடமாட்டார்கள். லண்டன் சொல்லும், நாங்கள் கேட்போம். எங்கட ஊரில் குண்டு விழுந்ததையே லண்டன் சொல்லித்தான் முழுக்க அறிவோம். எங்களுக்கு அது கேட்டது. ஆனால் நாங்கள் சொன்னது ஒருத்தருக்கும் கேட்கவில்லை. றேடியோ என்றால் எங்கள் தலைமுறைக்கு ஒருவழிப் பாதை.

இன்றைக்கு நான் கதைக்க வந்தது மற்ற வழியைப் பற்றி. ஆங்கிலத்தில் 'ஹாம் றேடியோ' என்பார்கள். தமிழில் அமெச்சூர் வானொலி எனலாம். காசு உழைக்க அல்லாமல், படிக்கவும் பழகவும் அவசரத்துக்கு உதவவும் சாதாரண மனிதர் தன் வீட்டிலிருந்தே ஒலிபரப்பிக் கதைக்கச் சட்டம் தரும் உரிமை அது.

நான் இதுக்குள் வந்த கதை சான்டி புயலோடு தொடங்கியது. 2012 ஒக்ரோபர் 29 இரவு. இங்கே இருக்கிற பலருக்கும் அது மறக்காது. எங்கள் தெருவில் கரண்ட் ஏழு நாள் இல்லை. செல்போனில் ஒரு கோடும் இல்லை. புயல் அடித்த பகுதிகளில் ஏறக்குறைய நாலில் ஒரு செல்போன் நிலையம் வேலை செய்யவில்லை என்று எஃப்.சி.சி. பிறகு சொன்னது. ஸ்காபரோவில் இருக்கிற என் அக்கா ரி.வி.யில் கடற்கரை வீடுகள் மிதக்கிறதைப் பார்த்துப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தா. எங்களுக்குச் சொல்ல வழியில்லை.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வந்து கதவைத் தட்டினார். "வெளியில் ஆருக்கும் நீங்கள் பத்திரம் என்று சொல்ல வேணுமோ?" என்று கேட்டார். அவருடைய அடுக்களை மேசையில் ஒரு சின்னப் பெட்டி, கீழே கார் பற்றரி, யன்னலால் வெளியே போகிற ஒரு வயர். அக்காவின் ரெலிபோன் நம்பரையும் இருபது சொல்லுக்குள் ஒரு செய்தியையும் எழுதி வாங்கினார். தந்தி மாதிரி. அது ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளாகப் போய், பின்னேரம் ரொறன்ரோவில் முன்பின் தெரியாத ஒருவர் அக்காவுக்குப் போன் பண்ணி வாசித்திருக்கிறார். ஒரு சதம் செலவில்லை. காசுக்காகச் செய்யக்கூடாது என்பதே சட்டம்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. முற்றத்தில் கவிட்டு வைத்த சைக்கிள்தான் ஞாபகத்தில் வந்தது.

இனி விசயத்துக்கு வருவம். லைசன்ஸ் எடுப்பது எப்படி? முதல் படிக்கு ரெக்னீசியன் என்று பெயர். சோதனையில் 35 கேள்விகள். விடைகள் நாலு தந்திருக்கும், சரியானதைத் தெரிய வேண்டும். 26 சரியென்றால் சித்தி. கேட்கப்போகிற கேள்விகள் எல்லாம், விடையோடு, முன்கூட்டியே பகிரங்கமாக வெளியிடப்பட்டவை. மொத்தம் சுமார் 400. அதிலிருந்துதான் 35 வரும். சட்டதிட்டம், மின்சாரம், அன்ரெனா, பாதுகாப்பு, இவ்வளவுதான். ஓ.எல். விஞ்ஞானத்தில் ஓமின் விதி படித்தவருக்குப் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், ஐந்தாறு கிழமை போதும். முந்திக் கஷ்டமாயிருந்த மோர்ஸ் தந்திச் சோதனை 2007இல் முழுதாக எடுக்கப்பட்டுவிட்டது. ஆனபடியால் 'கட்டுக் கடா' பழக வேண்டும் என்று பயப்பட வேண்டாம். விரும்பினால் பழகலாம்.

சோதனை வைப்பவர்கள் அரசாங்க அதிகாரிகள் அல்லர். லைசன்ஸ் உள்ள தொண்டர்கள் மூன்று பேர் சேர்ந்து, நூலகத்திலோ தேவாலய மண்டபத்திலோ வைப்பார்கள். இப்போது கொம்பியூட்டர் வழியாக வீட்டிலிருந்தும் எழுதலாம். சோதனைக்கு ஒரு சிறு கட்டணம். 2022 தொடக்கம் எஃப்.சி.சி.க்கு 35 டொலர். லைசன்ஸ் பத்து வருசம் செல்லும். வயதுக் கட்டுப்பாடு இல்லை. எட்டு வயதுப் பிள்ளையும் எடுக்கலாம், எண்பது வயது அம்மம்மாவும் எடுக்கலாம்.

இப்போது எங்கட ஆக்கள் மனதில் இருக்கிற கேள்விக்கு வருகிறேன். நான் படிக்கத் தொடங்கினபோது அப்பா என்னோடு இருந்தார். விண்ணப்பத்தைக் கண்டவுடனே அவர் சொன்னது: "உது வேண்டாம் தம்பி. றேடியோப் பெட்டியோட பெயரையும் விலாசத்தையும் அரசாங்கத்துக்குக் குடுக்கிறதோ?"

சிரிக்காதையுங்கோ. ஊரில் வீட்டில் ஒரு வோக்கி டோக்கி அகப்பட்டால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பயத்தை நான் பகிடியாக எடுக்கவில்லை. அதனால் சட்டத்தைத் தேடி வாசித்தேன். இந்த நாட்டில் லைசன்ஸ் எடுக்கக் குடியுரிமை தேவையில்லை. வெளிநாட்டு அரசாங்கத்தின் பிரதிநிதியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் அப்பா சொன்னதிலும் ஒரு உண்மை இருந்தது. லைசன்ஸ்காரரின் பெயரும் தபால் விலாசமும் எஃப்.சி.சி.யின் பட்டியலில் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கும். இதை மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. வீட்டு விலாசம் வெளியில் தெரிய விரும்பாதவர்கள் தபால் பெட்டி விலாசம் கொடுக்கலாம், அதைச் சட்டம் அனுமதிக்கிறது. நானும் அப்படித்தான் செய்தேன்.

சித்தியடைந்தால் ஒரு அழைப்புக்குறி தருவார்கள். எழுத்தும் இலக்கமும் சேர்ந்த பெயர். உலகத்தில் அது உங்களுக்கு மட்டும்தான். அதில் வரும் இலக்கம் முகவரிப் பிரதேசத்தைக் காட்டும். நியூ ஜேர்சிக்கு 2, ரெக்சாசுக்கு 5, கலிபோர்னியாவுக்கு 6. இலங்கைக்காரரின் அழைப்புக்குறி 4எஸ்7 என்று தொடங்கும். அகதியாக வந்து எத்தனையோ இலக்கங்கள் எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். இந்த ஒன்றை நான் கேட்டு, படித்து, வாங்கினேன்.

சட்டங்களில் முக்கியமானவை சில. இதில் வியாபாரம் கதைக்கக்கூடாது. பாட்டுப் போடக்கூடாது. இது வானொலி நிலையம் இல்லை, பொதுமக்களுக்கு ஒலிபரப்பக்கூடாது. கருத்தை மறைக்கும் இரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது. தமிழில் கதைக்கலாமோ? தாராளமாகக் கதைக்கலாம். பத்து நிமிசத்துக்கு ஒருக்காலும் முடிவிலும் அழைப்புக்குறியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். லைசன்ஸ் இல்லாதவர் உங்கள் பக்கத்திலிருந்து, உங்கள் பொறுப்பில் கதைக்கலாம். ஆனால் வெளிநாட்டோடு என்றால், ஒப்பந்தம் உள்ள நாடுகளோடு மட்டும். கனடாவோடு இருக்கிறது, எல்லா நாட்டோடும் இல்லை.

பெட்டி வாங்குவது பெரிய செலவோ என்று கேட்பியள். ரெக்னீசியனுக்குக் கையில் பிடிக்கிற சின்னப் பெட்டி முப்பது நாப்பது டொலருக்கும் கிடைக்கும். அதன் வலு ஐந்து வாட். அதன் சத்தத்தை மலையிலோ உயர்ந்த கட்டிடத்திலோ இருக்கிற 'றிப்பீற்றர்' வாங்கித் திருப்பி அனுப்பும், மாவட்டம் முழுக்கக் கேட்கும். வாங்கி வைத்துக் கேட்க லைசன்ஸ் தேவையில்லை. பட்டனை அமத்திக் கதைக்கத்தான் தேவை. கடல் கடந்து கதைக்க வேண்டுமென்றால் ஜெனரல் என்ற இரண்டாவது படியும் சிற்றலைப் பெட்டியும் வேண்டும். பழைய பெட்டியே சில நூறு டொலர் வரும். அவசரப்படாதையுங்கோ.

காசைவிட அன்ரெனாவில்தான் விசயம் இருக்கிறது. நல்ல அன்ரெனாவோடு மலிவுப் பெட்டி வேலை செய்யும். கூடாத அன்ரெனாவோடு எந்தப் பெட்டியும் வேலை செய்யாது. அதோடு அன்ரெனாவை நாங்களே செய்யலாம். கடலுக்கு அப்பால் கதைக்க 'டைபோல்' என்று ஒன்று. 468ஐ மெகா ஹேர்ட்ஸால் பிரியுங்கோ, நீளம் அடியில் வரும். 14.2 மெகா ஹேர்ட்சுக்கு 33 அடி. அந்த வயரை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பதினாறரை அடியாக்கி, நடுவில் ஒரு பிளாஸ்ரிக் துண்டில் கட்டி, அங்கே கேபிளைப் பற்றவைத்து, இரண்டு அந்தத்தையும் நைலோன் கயிற்றால் உயரத்தில் கட்டினால் முடிந்தது. முதலில் சில அங்குலம் கூட விட்டு வெட்டுங்கோ. பிறகு மீற்றரைப் பார்த்துப் பார்த்துக் குறைக்கலாம். குறைந்ததை நீட்டுவது கஷ்டம், தையல் தெரிந்த அம்மாமாருக்கு இது விளங்கும்.

டைபோல் வயரின் இரு பக்கவாட்டாகத்தான் கூட வீசும். இலங்கை எங்கே என்று கேட்டால் எல்லாரும் கிழக்கே கை காட்டுவோம். நானும் காட்டினேன், பிழை. பூமி உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கோ. இங்கேயிருந்து கொழும்புக்குக் குறுக்கு வழி வடகிழக்காக ஏறித்தான் போகிறது, ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். ஆகவே வயரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கட்ட வேண்டும்.

அப்பார்ட்மென்ற்காரர் என்ன செய்வது? நான் முதலில் இருந்த கட்டிடத்தில் பல்கனியில் கட்டின வயரை மனேஜர் அறுத்து எறிந்துவிட்டார். வாடகை ஒப்பந்தத்தை வாசிக்காதது என் பிழை. பழைய ரி.வி.யின் தட்டை வயரால் 'ஜே போல்' என்ற அன்ரெனா செய்யலாம். கதைக்கும்போது யன்னலில் தொங்கவிட்டு, முடிய சுருட்டி வைக்கலாம். காரின் கூரையில் காந்தத்தால் ஒட்டும் பத்தொன்பது அங்குலக் கம்பியும் நல்லது. ஒன்றை மட்டும் மறவாதையுங்கோ: கரண்ட் கம்பிக்குக் கிட்ட எந்த வயரும் எறியக்கூடாது. அதில் செத்தவர்கள் இருக்கிறார்கள். இடி மின்னலுக்கு முன் கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

நாங்கள் இருக்கிற இந்த மண்ணும் றேடியோ மண்தான். எஃப்.எம். வானொலியைத் தந்த எட்வின் ஆம்ஸ்ரோங்கின் கோபுரம் அல்பைனில் நிற்கிறது. 1946 ஜனவரியில் சந்திரனுக்கு அலை அனுப்பி எதிரொலி பிடித்தது இங்கே கடற்கரைப் பக்கம், காம்ப் எவன்சில். பிறின்ஸ்ரனில் பௌதிகத்துக்கு 1993இல் நோபல் பரிசு பெற்ற ஜோசப் ரெய்லர் சின்ன வயதிலேயே ஹாம். காதுக்கே கேட்காத மெல்லிய அலையையும் கொம்பியூட்டரால் வாசிக்கும் முறைகளை உலகத்துக்கு இலவசமாகத் தந்தவர்.

எங்கட பக்கமும் பாருங்கோ. 2004 டிசம்பரில் கடல் பொங்கினபோது ஹம்பாந்தோட்டையில் போன்கள் செத்துவிட்டன. விக்ரர் குணதிலக்கவும் மற்ற இலங்கை ஹாம்களும் சிற்றலைப் பெட்டிகளால் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். அந்தமானில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி, வேறு நோக்கத்துக்குக் கொண்டுபோன அன்ரெனாவால் தீவுகளின் செய்தியை வெளியே அனுப்பினார். முல்லைத்தீவிலும் மருதங்கேணியிலும் கடல் வந்தது. அப்படியொரு பெட்டியை வீட்டில் வைத்திருக்க எங்கட சனத்தில் ஆருக்குத் துணிவு வந்திருக்கும்? அந்தத் துணிவை இங்கே சட்டம் எங்களுக்குத் தருகிறது. எடுக்காமல் விடுவது எங்கட பிழை.

கடைசியாக ஒன்று. 2014 வசந்தகாலம், ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணி. தேத்தண்ணியோடு அப்பா பக்கத்தில் இருந்தார். இரைச்சலுக்குள் 4எஸ்7 என்று ஒரு குரல். என் அழைப்புக்குறியைச் சொன்னேன். பதில் இல்லை. இன்னும் இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் அவர் என் குறியை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னார். ஒரு நிமிசம்கூட இராது. உங்கள் சத்தம் வருகிறது என்றார், இங்கே பின்னேரம், மழை பெய்கிறது என்றார். பிறகு அலை மங்கிவிட்டது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நீ கதைச்சது அவருக்குக் கேட்டதோ?"

"ஓம் அப்பா."

"மழையாமோ அங்க?"

"ஓமாம்."

அதுக்குப் பிறகு அவர் லைசன்ஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னமே அந்தக் கதிரையில் வந்து இருந்தார். அப்பா இப்போது இல்லை. கதிரை இருக்கிறது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். சங்கத்தில் பத்துப் பேர் பெயர் தாருங்கோ, ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி முடிய அதே வகுப்பறையில் நான் சொல்லித் தருகிறேன். அப்பாவும் மகளுமாக வந்தால் இன்னும் நல்லது. அடுத்த புயலுக்கு, அல்லது ரெக்சாசில் 2021இல் கண்ட மாதிரி ஒரு பனிக் குளிருக்கு, எங்கட ஆக்களில் நாலு பேராவது பெட்டியோடு இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரின் கதவைத் தட்டி, "ஆருக்கும் ஏதும் சொல்ல வேணுமோ?" என்று கேட்கிறவர்களாக நாங்களும் இருக்க வேண்டும்.