பேசாத பிராணிக்கு ஒரு பாஸ்புக்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் செல்லப் பிராணிகளின் உடல்நலம் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் உண்டு. கால்நடை மருத்துவர்களிடம் பல வருடங்களாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மருந்தின் பெயரும் அளவும் சொல்ல மாட்டேன். அது டாக்டரின் வேலை.

நமக்கு வயிறு வலித்தால் சொல்லிவிடுகிறோம். நாய்க்கும் பூனைக்கும் அந்த வசதி இல்லை. அதிலும் பூனை, முடிந்தவரை நோயை மறைத்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் முதலில் என்ன கேட்கிறார்? எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள், போன மாதம் எடை எவ்வளவு? நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

எனவே என் முதல் வேண்டுகோள்: ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள், பாஸ்புக் மாதிரி. தடுப்பூசி தேதி, அடுத்த தவணை, பூச்சி மருந்து, மாதம் ஒரு முறை எடை, இந்த நான்கும் அதில் இருந்தால் போதும். எடை பார்க்கத் தனி இயந்திரம் வேண்டாம். பிராணியைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். நாலு கிலோ பூனை அரை கிலோ இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டால், அறுபது கிலோ ஆள் ஏழரை கிலோ இளைத்ததற்குச் சமம்!

அடுத்து, அடிக்கடி வரும் நோய்கள்.

குட்டி நாய்களுக்குப் பெரிய எமன் பார்வோ. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை உள்ள குட்டிகளைத்தான் அதிகம் தாக்கும். சோர்வு, வாந்தி, பிறகு நாற்றத்துடன் ரத்தக் கழிச்சல். நீர் வற்றியே குட்டி போய்விடும். மோர் கொடுத்துப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளக் கூடாது. அன்றே டிரிப்ஸ் ஏற வேண்டும். சென்ற மழைக்காலத்தில் நம் வளாகத்திலேயே ஒரு குட்டியை இப்படி இழந்தோம். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். அதனால் தடுப்பூசித் தவணைகள் முடியும் வரை குட்டியைப் பூங்காப் பக்கம் இறக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாத வயது வரை. இடையில் ஒரு தவணையை விட்டால் பாதுகாப்பு அரைகுறைதான்.

இரண்டாவது, உண்ணி. உண்ணியைப் பிடுங்கிப் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். அது ரத்தத்தில் கிருமியை ஏற்றிவிட்டுப் போயிருக்கும். காய்ச்சல், சாப்பாடு மறுப்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், இவை உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. ஒரு முக்கிய எச்சரிக்கை: நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். இரண்டும் வளர்ப்பவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது, ஆண் பூனையின் மூத்திர அடைப்பு. மணல் தட்டில் அடிக்கடி போய் உட்காரும், முக்கும், கத்தும், ஒரு சொட்டும் வராது. பலர் மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்கிறார்கள். இது ஓரிரு நாளில் உயிரை எடுக்கும் அவசரம். இரவானாலும் கிளம்ப வேண்டும். அதேபோல் பூனை இரண்டு நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரலே கெடும்.

நான்காவது, நம் வீட்டு மருந்துப் பெட்டி. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். வலி மாத்திரைகள் நாய்க்கும் ஆபத்து. சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை எதுவும் வேண்டாம். பொங்கலன்று பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் இதில் சேர்த்திதான்.

வெயில் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் நம் ஊர்த் தரை எப்படிக் கொதிக்கும் என்று தெரியும். உள்ளங்கையின் பின்புறத்தை ஐந்து விநாடி தரையில் வைக்க முடியாவிட்டால் நாயை நடக்கவிடாதீர்கள். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்குச் சீக்கிரம் வெப்பத் தாக்கு வரும். அதிகமாக இளைத்துத் தள்ளாடினால் உடம்பில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறிவிட்டு, டாக்டரிடம் கொண்டுபோங்கள். தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடும் நாய்க்கு நம் வாசலில் இருக்கும் நெடுஞ்சாலையே பெரிய நோய். அன்று மாலை கதவைப் பூட்டி உள்ளே வையுங்கள்.

கடைசியாக, பிராணி வளர்ப்பவர், வளர்க்காதவர் எல்லோருக்குமான விஷயம்: ரேபிஸ், வெறிநோய். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் அதற்கு முன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். 1885-லேயே லூயி பாஸ்டர் அதைக் காட்டிவிட்டார். 1907 முதல் நம் குன்னூரில் அவர் பெயரிலேயே நிறுவனம் இருக்கிறது. அவர் மறைந்த செப்டம்பர் 28-ஐத்தான் உலக ரேபிஸ் தினமாக அனுசரிக்கிறார்கள். நாயோ பூனையோ கடித்தால், பிறாண்டினால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். வளர்ப்பு நாய்தானே, லேசான கீறல்தானே என்று விடக் கூடாது. பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து மறைப்பார்கள். திட்ட மாட்டோம், சொல்லு என்று இன்று ராத்திரியே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

அந்த நேரத்தில் கைகொடுப்பதும் நான் சொன்ன பாஸ்புக்தான். "உங்கள் நாய் கீறிவிட்டது" என்று பக்கத்து வீட்டார் வந்தால், வாக்குவாதம் வேண்டாம். தடுப்பூசிப் பதிவைக் காட்டுங்கள், ஒருவராவது கூட ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிராணியைப் பத்து நாள் கண்காணித்து, எப்படி இருக்கிறது என்று தினமும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. பெரிய சிகிச்சை என்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னையில் 1903-ல் தொடங்கிய வேப்பேரி கல்லூரி. எது எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் இப்போதே எழுதி வையுங்கள். நடுராத்திரியில் தேடக் கூடாது.

சங்கத்திற்கு ஒரு கோரிக்கை. வருடத்தில் ஒரு நாள், செப்டம்பர் 28-ஐ ஒட்டிய ஞாயிறன்று, நம் வளாகத்திலேயே வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்தக் கால்நடைத் துறையிடம் மனு கொடுக்கலாம். வளாகத்துத் தெரு நாய்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மனு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்து மட்டும் நீங்கள் போடுங்கள்.